குயவனின் கழுதை

பம்பாயில் பெயின்டும் வார்னிஷும் செய்த தொழிற்சாலை ஒன்று. சூடேற்றாத முறையில் பெயின்ட் தயாரிக்க மட்டுமே நகராட்சி அதற்கு உரிமம் கொடுத்திருந்தது. ஆனால் உள்ளே நான்கு பர்னர்கள் எரிந்துகொண்டிருந்தன. பீப்பாயில் ரோசினையோ பிட்டுமினையோ போட்டு உருக்கி, சூடு ஓரளவு தணிந்த பிறகு டர்பன்டைனை ஊற்றிக் கலப்பார்கள். கலப்பதற்கான டர்பன்டைனும் செய்து முடித்த வார்னிஷும் அதே அறையில் கொஞ்ச தூரத்தில் அடுக்கப்பட்டிருந்தன. 1960களின் தொடக்கத்தில் ஒருநாள் பீப்பாயிலிருந்து நுரை பொங்கி வழிந்தது, தீப்பற்றியது. தொழிலாளர்கள் ஏழு பேர் இறந்துபோனார்கள்.

தொழிற்சாலையை நடத்திய மேலாளர் மீதான வழக்கு உச்சநீதிமன்றம்வரை போயிற்று. அவர் உரிமத்தை மீறினார் என்பதில் நீதிபதிகளுக்கு ஐயமே இல்லை. நெருப்பை அலட்சியமாகக் கையாண்டதற்காக இந்திய தண்டனைச் சட்டத்தின் 285ஆம் பிரிவில் கிடைத்த தண்டனையை அப்படியே விட்டார்கள். ஆனால் ஏழு சாவுகளுக்கும் அவர் காரணமா என்ற கேள்வி வந்தபோது, இல்லை என்றார்கள். ரோசின் போதிய அளவு ஆறுவதற்குள் ஒரு தொழிலாளி அவசரப்பட்டு டர்பன்டைனை வேகமாக ஊற்றிவிட்டார். தீயின் நேர்க்காரணம் அதுதான். பர்னர்களை அங்கே வைத்தது தீக்கு மறைமுகமாகத்தான் உதவியது. 304-ஏ பிரிவு கேட்டது அலட்சியச் செயலால் நேரடியாக விளைந்த மரணத்தை. ஆகவே மேலாளர் அந்தக் குற்றச்சாட்டிலிருந்து விடுதலை. குர்பான் உசேன் வழக்கு என்று சட்ட மாணவர்கள் படிக்கும் இந்தத் தீர்ப்பு, 1965 முதல் சட்ட ஏடுகளில் இருக்கிறது. அலட்சியத்தால் நேர்ந்த மரணம் என்று வழக்கு வந்தால் எதிரித் தரப்பு வழக்கறிஞர் முதலில் கையிலெடுப்பது பெரும்பாலும் இதைத்தான்.

தீர்ப்பின் அடியில் ஒரு பிரிவினை இருக்கிறது. எது இல்லாமல் விளைவு நேர்ந்திருக்காதோ அது ஒரு வகைக் காரணம். எது விளைவை நேராக உண்டாக்கியதோ அது வேறொரு வகை. பர்னர் இல்லாவிட்டால் தீ இல்லை. ஆனாலும் பர்னர் முதல் வகையில்தான் சேரும், குற்றவியல் சட்டத்துக்கு வேண்டியது இரண்டாவது வகை என்கிறது நீதிமன்றம்.

இந்தச் சிக்கலை இந்திய நியாயத் தரிசனத்தின் தத்துவவாதிகள் தொழிற்சாலை இல்லாத காலத்திலேயே ஒரு பானையை வைத்து அலசியிருக்கிறார்கள். காரணம் என்பது விளைவுக்குத் தவறாமல் முன்னால் இருக்க வேண்டும் என்று வரையறுத்தவுடனேயே அவர்களுக்குத் தொல்லை தொடங்கியது. பானைக்கு முன்னால் குயவன் இருந்தான், சரி. குயவனின் தந்தையும்தானே இருந்தார்? மண் சுமந்து வந்த கழுதையும் இருந்தது. சக்கரம் சுழற்றிய தடிக்கு ஒரு நிறமும் இருந்தது. இவற்றையெல்லாம் கழிப்பதற்கு அவர்கள் 'அன்யதாசித்தம்' என்று ஒரு வகையே வைத்தார்கள்: முன்னால் இருந்தாலும் விளைவுக்குத் தேவைப்படாதவை. 17ஆம் நூற்றாண்டில் விசுவநாதர் எழுதிய பாஷாபரிச்சேதம் இதில் ஐந்து வகை சொல்கிறது. கழுதை ஏன் கழிந்துபோகிறது? மண்ணை வண்டியிலும் கொண்டு வரலாம், தலையிலும் சுமக்கலாம். எப்படி வந்தாலும் பானை பானைதான்.

சைவ சித்தாந்தம் அதே பானையை எடுத்துக்கொண்டு வேறு வேலைக்குப் பயன்படுத்துகிறது. மண் முதற்காரணம், தண்ட சக்கரங்கள் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். உலகத்துக்கு மாயை, சக்தி, சிவன் என்று இதைப் பொருத்துவார்கள். இங்கே நோக்கம் கழிப்பதல்ல, ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய இடத்தைக் கொடுப்பது. மூன்றில் எது 'உண்மையான' காரணம் என்று ஒரு சித்தாந்தியிடம் கேட்டால் கேள்வியே தப்பு என்பார். நீதிமன்றத்தில் அப்படிச் சொல்லித் தப்பிக்க முடியாது. பம்பாய் வழக்கில் நடந்தது என்னவென்றால், மேலாளர் போய்க் கழுதையின் இடத்தில் நின்றுகொண்டார். ஆனால் கழுதைக்கான சோதனையில் அவர் தேறமாட்டார். கழுதையை மாற்றினாலும் பானை வரும். பர்னரையும் டர்பன்டைனையும் ஒரே அறையில் வைக்காதிருந்தால், அந்தத் தொழிலாளி எவ்வளவு அவசரப்பட்டிருந்தாலும் ஏழு பேர் செத்திருப்பார்களா?

ஐரோப்பியத் தத்துவத்திலும் இதே இழுபறி உண்டு. ஜான் ஸ்டூவர்ட் மில் 1843இல் வெளியிட்ட தர்க்கவியல் நூலில், தேவையான நிபந்தனைகள் அத்தனையும் சேர்ந்ததுதான் காரணம், அதில் ஒன்றை மட்டும் பிடுங்கிக் காரணம் என்று பெயரிட நமக்கு உரிமை இல்லை என்று வாதிட்டார். கணக்காகப் பார்த்தால் அவர் சொன்னது சரி. நடைமுறைக்கு உதவாது. 1959இல் ஹார்ட், ஆனரே என்ற இரு ஆக்ஸ்ஃபோர்டு சட்ட அறிஞர்கள் 'சட்டத்தில் காரணத்துவம்' பற்றித் தடித்த நூல் ஒன்றை எழுதி, சாதாரண மக்கள் எப்படிப் பிடுங்குகிறார்கள் என்று காட்டினார்கள். தீக்கு ஆக்சிஜன் காரணம் என்று யாரும் சொல்வதில்லை, அது எப்போதும் இருப்பது. ஆனால் ஆக்சிஜனே புகாதபடி அடைத்து வேலை செய்யும் ஆலையில் அது கசிந்து தீப்பிடித்தால் ஆக்சிஜன்தான் காரணம் என்போம். வழக்கத்துக்கு மாறானது எதுவோ, தெரிந்தே ஒரு மனிதன் குறுக்கே செய்தது எதுவோ, அதில் நம் விரல் போய் நிற்கிறது. இந்த அளவுகோலால் பார்த்தாலும் உரிமமில்லாத பர்னர் வழக்கத்துக்கு மாறானதுதான். அவசரத்தில் ஊற்றிய தொழிலாளி தெரிந்து ஆபத்தை விளைவித்தவரும் அல்ல.

எனக்கு இவர்கள் எல்லாரையும்விடத் தத்துவவாதி காலிங்வுட் சொன்னதுதான் பயன்படுகிறது. 1940இல் வந்த நூலில் அவர் ஒரு வளைவில் சறுக்கிய காரைக் காட்டினார். ஓட்டியவருக்குக் காரணம், வேகமாகத் திரும்பியது. சாலைப் பொறியாளருக்குக் காரணம், வளைவின் சரிவு சரியில்லாதது. கார் செய்தவருக்குக் காரணம், வண்டியின் அமைப்பு. மூவரும் பொய் சொல்லவில்லை. அவரவர் கைக்கு எட்டுவது எதுவோ, அவரவரால் மாற்ற முடிவது எதுவோ, அதை அவரவர் காரணம் என்கிறார்கள். காரணம் கேட்பவர் யார், எதற்காகக் கேட்கிறார் என்பது தெரியாமல் பதில் சொல்ல முடியாது. ஆனால் காலிங்வுட் ஒன்றைச் சொல்லாமல் விட்டார்: மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால், யார் பலமுள்ளவரோ அவர் மற்றவரின் கைக்கு எட்டுவதைக் காட்டிவிட்டு எழுந்துபோய்விடுவார்.

தண்டனைச் சட்டம் கடைசிக் கையைத் தேடுகிறது. மருத்துவம் கடைசிக் கையைத் தேடாதே என்கிறது. ஒரு இறப்புச் சான்றைப் பார்த்தால் இது விளங்கும். 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி மருத்துவமனையில் நேரும் இறப்புக்கு மருத்துவர் படிவம் 4ஐயும் வெளியே நேர்வதற்கு 4-ஏயையும் நிரப்ப வேண்டும். முதல் பகுதியில் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று வரி. மேல் வரியில் உடனடிக் காரணம். அடுத்த வரியில், அது எதனால் வந்தது. கடைசி வரியில், அதுவும் எதனால் வந்தது. இரண்டாவது பகுதி, சங்கிலியில் சேராமல் பக்கத்தில் நின்று சாவுக்குக் கைகொடுத்த நோய்களுக்கு. இதயம் நின்றது, மூச்சு நின்றது என்று எழுதக்கூடாது என்று குறிப்பிலேயே இருக்கும்; செத்தவர் எல்லாருக்கும் இதயம் நின்றுதான் போகிறது. எழுதாமலும் இருப்பதில்லை, சான்றுகளில் அடிக்கடி காணக் கிடைப்பது அந்த வரிதான். புள்ளிவிவரத்துக்கு எடுத்துக்கொள்வது கீழே இருக்கும் வரியை: சங்கிலியைத் தொடங்கிவைத்த நோய் அல்லது காயம். உலக சுகாதார நிறுவனம் அதைத் தேர்ந்தெடுத்ததன் நோக்கம் வெளிப்படை. சங்கிலியை முதல் கண்ணியிலேயே அறுத்தால் மற்றவை வராது. தடுப்பது மருத்துவத்தின் வேலை, அதனால் அது வேருக்குப் போகிறது. ஒருவரைச் சிறைக்கு அனுப்புவதற்கு முன் தயங்குவது தண்டனைச் சட்டத்தின் வேலை, அதனால் அது நுனியில் நிற்கிறது. தயக்கம் நல்லதுதான். வேலைத்தலங்களில் அந்த நுனியில் நிற்பவர் யார் என்பதுதான் கவலை. ஊற்றும் கை அநேகமாக எப்போதும் கூலிக்காரரின் கை.

மருத்துவம் இந்த வேரைத் தேடும் பழக்கத்தை எளிதில் கற்றுக்கொள்ளவில்லை. 1882 மார்ச் 24இல் ராபர்ட் கோக் பெர்லினில் காசநோய்க் கிருமியை அறிவித்தபோது, காரணத் தேடல் முடிந்துவிட்டது என்றே பலருக்கும் பட்டது. ஒரு நோய்க்கு ஒரு கிருமி; நோயுள்ள இடத்திலெல்லாம் அது இருக்க வேண்டும், பிரித்து வளர்த்துப் புகுத்தினால் அதே நோய் வர வேண்டும். மியூனிக்கில் இருந்த பெட்டன்கோஃபருக்கு இது பிடிக்கவில்லை. கிருமி மட்டும் போதாது, மண்ணும் பருவமும் உடலின் ஏற்புத்தன்மையும் வேண்டும் என்பது அவர் கட்சி. 1892இல், ஹாம்பர்க்கில் காலரா 8,000 பேருக்கு மேல் வாரிக்கொண்டு போன அதே ஆண்டில், 73 வயதில் அவர் காலராக் கிருமி வளர்ப்பைக் குடித்தார். லேசான வயிற்றுப்போக்கோடு பிழைத்துக்கொண்டார். மண்ணைப் பற்றி அவர் சொன்னது தவறு. தூய குடிநீர் விஷயத்தில் அவருடைய கொள்கை பலருக்குக் கேடு செய்திருக்கும். ஆனால் கிருமி தேவையான காரணம், போதுமான காரணம் அல்ல என்பதை அவர் வயிறு காட்டிவிட்டது. இன்று உலக மக்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்குக் காசநோய்க் கிருமித் தொற்று இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். அவர்களில் வாழ்நாளில் நோயாளி ஆகிறவர் நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்துப் பேர். மற்ற தொண்ணூறு, தொண்ணூற்றைந்து பேருக்கு ஏன் வரவில்லை?

சென்னை இதற்கு ஒரு பகுதிப் பதிலைத் தந்திருக்கிறது. 1956இல் இங்கே தொடங்கிய காசநோய் மருந்து ஆய்வு மையம் ஏழை நோயாளிகளை இரு குழுவாகப் பிரித்தது. ஒரு குழு சானடோரியத்தில் படுக்கை ஓய்வு, நல்ல சாப்பாடு, கவனிப்போடு இருந்தது. இன்னொரு குழு நெரிசலான வீட்டிலேயே, கிடைத்ததைத் தின்று, பலர் வேலைக்கும் போய்க்கொண்டு இருந்தது. மருந்து இருவருக்கும் ஒன்றே. ஓராண்டு கழித்துப் பார்த்தால் குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. 1959இல் வெளியான இந்த முடிவு உலகம் முழுக்க சானடோரியங்களைக் காலி செய்ய உதவியது. காசநோய்க்கும் சோற்றுக்கும் சம்பந்தமில்லை என்று படித்தவர்களும் உண்டு.

அறுபதாண்டுகளுக்குப் பிறகு ஜார்க்கண்டில் வேறொரு ஆய்வு. நோயாளிகள் எல்லாருக்கும் உணவுப் பொருள் கொடுத்தார்கள். பாதிப் பேரின் குடும்பத்தாருக்கும் தலைக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ துவரம்பருப்பு, சத்து மாத்திரை என்று சேர்த்துக் கொடுத்தார்கள். 2023இல் லான்செட் இதழ் வெளியிட்ட முடிவு: உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்திருந்தது. ஊசியும் அல்ல, புது மருந்தும் அல்ல, அரிசியும் பருப்பும்.

இரண்டு ஆய்வும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. சென்னை கேட்டது, வந்த நோய் போவதற்கு எது காரணம் என்று, மருந்துதான் பதில். ஜார்க்கண்ட் கேட்டது, வராத நோய் வருவதற்கு எது காரணம் என்று; பதிலில் பசி சேர்ந்துகொண்டது. ஒரு கேள்விக்கான விடையை இன்னொரு கேள்விக்குத் தூக்கி வைத்தால் கொள்கையே தடம் புரளும். காசநோய்க்குக் காரணம் கிருமி என்று மட்டும் சொல்கிற துறை மாத்திரை வாங்கும். ரேஷன் கடை அதன் கண்ணில் படாது.

சோறு கொடுக்காமல் இருப்பது ஒரு காரணமாகுமா? செய்யாமைக்கு விளைவு உண்டா என்பது தத்துவத்தில் பழைய தலைவலி. மெக்காலே 1837இல் தண்டனைச் சட்ட வரைவை எழுதும்போது இதோடு மல்லுக்கட்டியிருக்கிறார். ஆற்றில் வெள்ளம் ஓடுகிறது, கடக்கப் போகும் வழிப்போக்கனை ஒருவன் எச்சரிக்கவில்லை, வழிப்போக்கன் சாகிறான். எச்சரிக்காதவன் கொன்றவனா? வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தவன் என்றால் அல்ல, எவ்வளவு கெட்டவனாக இருந்தாலும். எச்சரிக்கவே அங்கே நிறுத்தப்பட்ட பியூனோ, கூலி வாங்கிய வழிகாட்டியோ என்றால் ஆம். கடமை இருந்த இடத்தில்தான் செய்யாமை காரணமாகிறது. இயற்பியலில் இதற்கு இடமே கிடையாது. இருவரும் ஒரே மாதிரிதான் சும்மா நின்றார்கள், வெள்ளம் ஒரே வேகத்தில்தான் ஓடியது. சட்டம் இங்கே காரணத்தைக் கண்டுபிடிக்கவில்லை, கடமையை வைத்துத் தீர்மானிக்கிறது. அதை வெளிப்படையாகவே செய்கிறது என்பதால் எனக்கு அதில் குறையில்லை.

கடமை இருந்தும் காரணமாகாமல் போவதும் உண்டு. 1966 புத்தாண்டு நாளில் லண்டனில் இரவுக் காவலர்கள் மூவர் தேநீர் குடித்துவிட்டு வாந்தியோடு மருத்துவமனைக்குப் போனார்கள். அவசரப் பிரிவு மருத்துவர் வந்து பார்க்கவில்லை; வீட்டுக்குப் போய்க் குடும்ப மருத்துவரைக் கூப்பிடச் சொல்லித் தொலைபேசியிலேயே முடித்துவிட்டார். சில மணி நேரத்தில் ஒருவர் இறந்தார். தேநீரில் ஆர்சனிக் இருந்தது. மருத்துவர் கடமை தவறினார் என்றது நீதிமன்றம். ஆனால் உடனே சேர்த்துக்கொண்டிருந்தாலும் முறிவு மருந்து உரிய நேரத்தில் போய்ச் சேர்ந்திருக்காது, அவர் எப்படியும் இறந்திருப்பார். ஆகவே தவறு உண்டு, காரணம் இல்லை, இழப்பீடும் இல்லை. நம் தண்டனைச் சட்டமோ வேறொரு பக்கம் கெட்டியாக நிற்கிறது. குத்துப்பட்டவருக்குச் சரியான சிகிச்சை கிடைத்திருந்தால் பிழைத்திருப்பார் என்றாலும் சாவுக்குக் காரணம் குத்தியவனே என்று 299ஆம் பிரிவின் விளக்கம் சொன்னது. அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 100ஆம் பிரிவு அதை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறது.

'அது இல்லாதிருந்தால்' என்ற இந்தச் சோதனை முற்றிலும் தோற்கும் இடம் ஒன்று உண்டு. ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் வரும் மீசோதீலியோமாப் புற்றுநோய் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் தலைகாட்டும். அதற்குள் தொழிலாளி நாலைந்து முதலாளிகளிடம் வேலை பார்த்திருப்பார். எவருடைய தூசி நோயைக் கிளப்பியது என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. ஒவ்வொரு முதலாளியும் 'நான் இல்லாதிருந்தாலும் வந்திருக்கலாமே' என்று சொல்லிவிட்டு நழுவலாம். 2002இல் ஃபேர்சைல்டு வழக்கில் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை இந்த வாசலை அடைத்தது: நோய் வரும் ஆபத்தைக் கணிசமாகக் கூட்டியிருந்தாலே போதும். 2006இல் அதே சபை, அவரவர் பங்குக்கு மட்டும் அவரவர் பொறுப்பு என்று பிரித்தது. அந்த ஆண்டிலேயே நாடாளுமன்றம் சட்டம் போட்டு, இந்த நோய்க்கு மட்டும் ஒவ்வொருவரும் முழுத்தொகைக்கும் பொறுப்பு என்று திருப்பிவிட்டது. நோயின் உயிரியல் இந்த நாலாண்டில் மாறவில்லை. காரணம் மட்டும் மூன்று வேடம் போட்டது.

இங்கே மருத்துவத்திடமிருந்து உதவியும் ஓரளவுக்குத்தான் கிடைக்கும். புகைப்பழக்கத்துக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டியவர்களில் ஒருவரான பிராட்ஃபோர்டு ஹில், 1965இல் காரணத்தை எடைபோட ஒன்பது நோக்குகளை முன்வைத்தார்; எதுவும் கட்டாய நிபந்தனை அல்ல என்று தெளிவாகவே சொன்னார். இன்று அவற்றைப் பலரும் மதிப்பெண் பட்டியல்போல நிரப்புகிறார்கள். அவை பேசுவது மக்கள் தொகையைப் பற்றி. நீதிமன்றத்தில் நிற்பவரோ ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு நுரையீரல்.

குஜராத்தில் கோத்ரா பக்கத்துக் குவார்ட்ஸ் அரைவை ஆலைகளில் வேலை பார்த்தவர்கள் பெரும்பாலும் மத்தியப் பிரதேசத்தின் அலிராஜ்பூர், ஜாபுவா மாவட்டப் பழங்குடியினர். மாவாக அரைபட்ட சிலிக்கா நுரையீரலுக்குள் போய் வடுவாகிறது; இதுதான் சிலிக்கோசிஸ். கிருமியை விழுங்க வேண்டிய உயிரணுக்கள் சிலிக்காவை விழுங்கிச் செயலிழக்கின்றன. அதனால் காசநோய் எளிதில் வந்து ஒட்டிக்கொள்கிறது. எக்ஸ்ரே படத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதால், வெறும் சிலிக்கோசிஸ் நோயாளியும் காசநோய் மாத்திரை தின்று தீர்ப்பதுண்டு. இறந்தவரின் சான்றில் 'காசநோய்' என்று எழுதினால் குற்றவாளி ஒரு கிருமி, அதற்கு முதலாளி கிடையாது. கீழ்வரியில் 'சிலிக்கோசிஸ்' என்று எழுதினால் ஓர் ஆலை இருக்கிறது, ஓர் உரிமையாளர் இருக்கிறார், தொழிற்சாலை ஆய்வாளர் ஒருவரும் இருக்கிறார். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் சிலிக்கோசிஸைக் கண்ட மருத்துவர் தலைமை ஆய்வாளருக்கு எழுத வேண்டும் என்று விதித்ததும் இதனால்தான். பன்னாட்டு நோய்ப் பட்டியலில் இரண்டும் சேர்ந்ததற்கென்றே ஜே65 என்று தனிக் குறியீடு உண்டு. ஒரு நுரையீரலில் இரண்டு காரணம் இருக்கலாம் என்பதைக் குறியீட்டாளர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். பேனா பிடிக்கும் கை ஒப்புக்கொள்ள வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், பிரபுக்கள் சபை 2002இல் திணறிய கேள்விக்கு இந்தியச் சட்டம் பல பத்தாண்டுகளுக்கு முன்பே விடை எழுதி வைத்திருந்தது. 1923இல் பிறந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், தன் மூன்றாம் அட்டவணையில் உள்ள நோய் அட்டவணையில் உள்ள தொழிலைக் குறிப்பிட்ட காலம் செய்தவருக்கு வந்தால், அது வேலையால் வந்ததாகவே கொள்ளப்படும் என்றது. இல்லை என்று நிரூபிப்பது எதிர்த்தரப்பின் பாடு. பின்னால் சேர்ந்த உட்பிரிவு ஒன்று, முதலாளிகள் பலர் என்றால் ஆணையர் நியாயமாகப் படும் விகிதத்தில் எல்லாரையும் கட்டச் சொல்லலாம் என்றது. தத்துவச் சிக்கல் அத்தனையும் ஒரு வரியில் தீர்ந்தது. தொழிலாளி நிரூபிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: நான் அங்கே வேலை பார்த்தேன்.

அதைத்தான் நிரூபிக்க முடிவதில்லை. குவார்ட்ஸ் ஆலைகளிலும் கல் உடைக்கும் இடங்களிலும் ஒப்பந்தக்காரர் மூலம் வந்து, சில மாதம் இருந்துவிட்டு ஊர் திரும்புகிறவர்களுக்கு வேலைச் சீட்டு கிடையாது, மஸ்டர் ரோலில் பெயர் கிடையாது. நோய் முற்றி மூச்சு இழுக்கும்போது ஆலையின் பெயரைத் தவிர அவர்களிடம் கையில் ஒன்றும் இருக்காது. தேசிய மனித உரிமை ஆணையத்தின் பரிந்துரைகளுக்கும் நெடுநாள் வழக்குக்கும் பிறகு, 2016 மே மாதம் உச்சநீதிமன்றம் இறந்துபோன 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் கொடுக்க உத்தரவிட்டது. பணத்தைக் கொடுக்கச் சொன்னது குஜராத் அரசை. ஆற்றங்கரையில் எச்சரிக்க நிறுத்தப்பட்ட பியூனை, மெக்காலேயின் கணக்கில்.